கூட்டம் கூடுற நாளிலே அடை வைப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது சமுதாய வளப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை. பேசிய நடை மாறாமல் இங்கே தரப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு கொல்லைப்புறக் கோழி வளர்ப்பு. அது பெரிய தலைப்பு. அதில் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். வீட்டில் நாலு கோழி இருக்குது. அதை இருபது கோழி ஆக்கணும். கடன் வாங்காம, மெஷின் வாங்காம, அடைக்கோழியை வச்சே எப்படி ஆக்குறது? சில ஊரில் அவயம்னு சொல்லுவாங்க, நம்ம பக்கம் அடைன்னு சொல்றோம். ரெண்டும் ஒண்ணுதான்.

நம்ம திருவண்ணாமலை மாவட்டம் வட ஆற்காட்டிலிருந்து பிரிஞ்சது 1989-ல. அதே 1989-லதான் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதல்ல ஆரம்பிச்சாங்க. நம்ம மாவட்டத்துக்கும் குழுவுக்கும் ஒரே வயசு. இத்தனை வருஷத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், வட்டி எல்லாம் நமக்கு மனப்பாடம். பத்து ரூபாயைப் பெருக்கத் தெரிஞ்ச நமக்கு பத்து முட்டையைப் பெருக்கத் தெரியாதா? தெரியும். நம்ம பாட்டி காலத்திலிருந்தே செய்றோம். ஆனாலும் வீட்டில் கோழி எண்ணிக்கை ஏறவே மாட்டேங்குது. போன வருஷம் நாலு, இந்த வருஷமும் நாலு. ஏன்னு இன்னிக்குப் பேசுவோம்.

கடனா, கோழியா?

முதல்ல ஒரு எச்சரிக்கை. கோழின்னு சொன்னதும் பெரிய பெரிய கணக்கு காட்டுறவங்க வருவாங்க. "குஞ்சு நாங்க தர்றோம், தீவனம் நாங்க தர்றோம், நீங்க முன்பணம் கட்டுங்க, மாசாமாசம் இவ்வளவு தர்றோம்" என்பாங்க. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் மூடிப்போனப்போ எத்தனை குடும்பம் நகையை அடகு வச்சுக் கட்டின பணம் போச்சுன்னு பேப்பரில் படிச்சோம், டி.வி.யில் பார்த்தோம். அதே பாணியில் நாட்டுக்கோழி பேரைச் சொல்லியும் பணம் வாங்கினாங்க. அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம்.

அரசுத் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு நாலு வார வயசுக் குஞ்சு 40, பாதி மானியத்தில் கொடுத்திருக்காங்க. அது நல்ல திட்டம், கிடைக்கிறவங்க வாங்கிக்குங்க. ஆனா எல்லாருக்கும் கிடைக்காது, எல்லா வருஷமும் கிடைக்காது. கிடைச்ச குஞ்சும் அடுத்த வருஷம் பெருகணும்னா மறுபடி அடைக்குத்தான் வந்தாகணும்.

கோழிக்காசு நம்ம காசு. பால் காசு சொசைட்டிக் கணக்கில் வருது, நெல்லுக் காசு வீட்டுக்காரர் கையில் வருது. முட்டை வித்த காசு, சேவல் வித்த காசு மட்டும் அஞ்சறைப் பெட்டியில் சிறுவாடாச் சேருது. குழுச் சந்தா கட்ட, பிள்ளைக்கு நோட்டு வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போக யார்கிட்டயும் கை நீட்டாத காசு அது. அதனாலதான் இந்தப் பேச்சு முக்கியம்னு நினைக்கிறேன்.

எங்கே ஓட்டை?

ஒரு கணக்குப் போடலாம். நோட்டு வச்சிருக்கிறவங்க எழுதிக்குங்க. நாலு பெட்டை, ஒரு சேவல். நாட்டுப் பெட்டை ஒரு வருஷத்தில் மூணு நாலு தடவை முட்டைக்கு வரும். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினஞ்சு முட்டை, சிலது அதுக்கு மேலயும் இடும். அதில் ரெண்டு தடவை மட்டும் அடை வைக்கிறோம்னு வச்சுக்குங்க. கோழிக்குப் பத்து முட்டை. நாலு கோழி, ரெண்டு தடவை, 80 முட்டை. பத்துக்கு எட்டு பொரிச்சா 64 குஞ்சு.

64 குஞ்சு! அப்போ வருஷ முடிவில் வாசல் முழுக்கக் கோழி இருக்கணும் இல்லையா? இருக்குதா? இல்லை. பருந்து கொஞ்சம், காக்கா கொஞ்சம், பூனை, கீரி கொஞ்சம், மழையில் நனைஞ்சு கொஞ்சம், மீதியை வெள்ளைக்கழிச்சல் ஒரே வாரத்தில் வாரிக்கிட்டுப் போயிடுது. பாதி தப்பிச்சா 32. பத்துக்கு எட்டு தப்பிச்சா 51. வித்தியாசம் 19 உருப்படி. ஒரு உருப்படி 400 ரூபாய்னு போட்டாலும் 7,600 ரூபாய். அடை வைக்கிறதில் நாம கெட்டிக்காரங்கதான். பொரிச்ச குஞ்சைக் காப்பாத்துற இடத்தில்தான் ஓட்டை. அதனால அடை வைக்கிறதைச் சுருக்கமாச் சொல்லிட்டு, குஞ்சைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

எந்தக் கோழி, எந்த முட்டை?

அடைக்கு வந்த கோழியை உங்களுக்குச் சொல்லித் தரணுமா? ராத்திரியும் முட்டைக் கூடையை விட்டு எழுந்திருக்காது. கை வச்சா சிலிர்த்துக்கிட்டு கொத்த வரும். குரலே மாறிடும். ஆனா ஒரே நாளில் நம்பிடாதீங்க. ரெண்டு ராத்திரி கூமுட்டையோ, இட்டு நாளான முட்டையோ ரெண்டு மூணு வச்சுப் பாருங்க. ரெண்டு ராத்திரியும் அசையாம படுத்திருந்தா அது நிஜ அடை. மூணாம் நாள் ராத்திரி, இருட்டினதுக்கு அப்புறம் நல்ல முட்டையை மாத்தி வையுங்க. இடம் மாத்துறதா இருந்தாலும் ராத்திரியில்தான் மாத்தணும்.

சிறுவிடைக் கோழிதான் அடைக்கு நல்ல தாய். பெருவிடை கனம் ஜாஸ்தி, சிலது முட்டையை மிதிச்சு உடைச்சிடும். வனராஜா, கிரிராஜா மாதிரி முட்டைக்கும் கறிக்கும் சேர்த்து உருவாக்கின ரகங்கள் பெரும்பாலும் அடைக்கு உட்காராது. அந்த முட்டையைப் பொரிக்கணும்னா நம்ம சிறுவிடைக்குக் கீழதான் வைக்கணும். வான்கோழி வச்சிருக்கிறவங்க அதுக்குக் கீழ இருபது முட்டைக்கு மேல கூட வைக்கலாம்.

முட்டை விஷயத்தில் நாலு சொல்றேன்.

ஒண்ணு, சேவல் இருக்கணும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவலை வித்துட்டா, ஒரு வாரம் பத்து நாள் வரைக்கும் இட்ட முட்டைதான் பொரிக்கும். கடையில் விக்கிற பண்ணை முட்டை எத்தனை நாள் அடை வச்சாலும் பொரிக்காது. அதில் கரு இல்லை.

ரெண்டு, முட்டை இட்டு ஏழு நாளுக்குள்ள அடைக்குப் போகணும். வெயில் காலத்தில் நாலஞ்சு நாள். "கோழி பதினஞ்சு நாள் இட்டதை அப்படியே வச்சாலும் பொரிக்குதே"ன்னு கேப்பீங்க. பொரிக்கும். ஆனா நாள் ஆக ஆக பொரிக்கிற எண்ணிக்கை குறையும். முதல்ல இட்டதை வீட்டுக்குச் சமைச்சுக்குங்க, கடைசியா இட்டதை அடைக்கு வையுங்க. முட்டை மேல பென்சிலால தேதி போட்டுட்டா குழப்பம் இல்லை.

மூணு, முட்டையைக் கழுவாதீங்க. அது மேல இருக்கிற மெல்லிய பூச்சுதான் கிருமியை உள்ளே விடாம காக்குது. அழுக்கு ஜாஸ்தி இருந்தா அந்த முட்டையையே ஒதுக்கிடுங்க. விரிசல், கோணல், ரொம்பப் பெருசு, ரொம்பச் சின்னது எதுவும் வேண்டாம். மண்பானையில் மணலோ தவிடோ போட்டு, கூர்முனை கீழே இருக்கிற மாதிரி, வீட்டில் குளிர்ந்த மூலையில் வையுங்க.

நாலு, பேராசை வேண்டாம். ஒரு கோழிக்குப் பத்து, மிஞ்சிப்போனா பன்னிரண்டு. சிலர் ஒத்தப்படையில்தான் வைப்பாங்க, வச்சுக்குங்க, பதினொண்ணு. பதினெட்டு வச்சா எல்லா முட்டையும் மாத்தி மாத்தி ஓரத்துக்கு வந்து சூடு இறங்கி, பத்து பொரிக்க வேண்டிய இடத்தில் ஆறு கூடப் பொரிக்காது.

21 நாள்

அகலமான மூங்கில் கூடை, இல்லைன்னா பழைய அன்னக்கூடை. அடியில் கொஞ்சம் மணல், மேல வைக்கோல். வைக்கோலுக்குக் கீழ வேப்பிலை, கொஞ்சம் அடுப்புச் சாம்பல். கோழிக்குப் பேன், செல் புடிச்சா அரிப்புத் தாங்காம எழுந்து போயிடும். அப்புறம் முட்டை ஆறிடும். அடை வைக்கிறதுக்கு முன்னாடியே கோழியைச் சாம்பலும் மண்ணும் கலந்த இடத்தில் ரெண்டு நாள் புரள விடுங்க.

கரித்துண்டு, இரும்பு ஆணி, காஞ்ச மிளகாய் போடுறது நம்ம வழக்கம், இடிக்கு முட்டை கெட்டுப் போகக்கூடாதுன்னு. போடுங்க, குத்தமில்லை. ஆனா இடி மழை நாளில் சாரல் படாத இடமா, நாய் பூனை வந்து கோழியை மிரட்டாத இடமா பார்த்து வைக்கிறதுதான் முக்கியம். முட்டை கெடுறது பெரும்பாலும் கோழி எழுந்து போய் நேரமாகி, சூடு இறங்கித்தான்.

கோழி தினம் ஒரு தடவை எழுந்து வரும். தீனி தின்னு, தண்ணி குடிச்சு, எச்சம் போட்டு, கொஞ்சம் மண்ணில் புரண்டு, கால் மணி, இருபது நிமிஷத்தில் திரும்பிடும். அந்த நேரத்தில் தீனியும் தண்ணியும் பக்கத்திலேயே இருக்கணும். கம்பு, சோளம், நெல்லு மாதிரி முழுத் தானியம் கொடுங்க. சில கோழி பாசத்தில் எழுந்திருக்கவே மாட்டாது. அதை நாமளே தினம் தூக்கி வெளியே விடணும். இல்லைன்னா அடை முடியும்போது எலும்பும் தோலுமா இருக்கும், குஞ்சை எப்படிக் காக்கும்?

ஏழாம் நாள் ராத்திரி முட்டையைப் பாருங்க. இருட்டு அறை, செல்போன் டார்ச் போதும். கையைக் குவிச்சு முட்டையை வெளிச்சத்து மேல வையுங்க. சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடினா கரு இருக்கு. ஒண்ணும் இல்லாம தெளிவா இருந்தா கரு இல்லை, எடுத்துடுங்க. பதினாலாம் நாள் மறுபடி ஒரு தடவை. கூமுட்டை உள்ளே வெடிச்சா மத்த முட்டையும் கெடும்.

பதினெட்டாம் நாளுக்கு அப்புறம் முட்டையைத் தொடாதீங்க, கோழியை அசைக்காதீங்க. 21-ஆம் நாள் பொரிக்கும். ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம். குஞ்சு வெளியே வரலைன்னு ஓட்டை உரிச்சு விடாதீங்க, ரத்தம் கசிஞ்சு செத்துடும். பிறந்த குஞ்சுக்கு முதல் நாள் தீனி அவசரம் இல்லை. மஞ்சக்கரு மிச்சம் வயித்துக்குள்ள இருக்கும். எல்லாம் பொரிச்சதும் தண்ணி, நொய்யரிசி, உடைச்ச கம்பு, கேழ்வரகு வையுங்க. தண்ணி வைக்கிற தட்டில் நாலு கூழாங்கல் போட்டா குஞ்சு விழுந்து நனையாது.

குஞ்சைக் காப்பாத்துறது

முதல் நாலு வாரம்தான் கண்டம். அந்த நாலு வாரம் தாயையும் குஞ்சையும் பெரிய பஞ்சாரத்தில் கவுத்து, நிழலில் வையுங்க. காலையும் சாயங்காலமும் நாம பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திறந்து விடுங்க. டவுனில் இருக்கிறவங்களுக்குப் பருந்தை விட நாயும் மோட்டார் சைக்கிளும்தான் எமன். அவங்களுக்குப் பழைய கட்டில் சட்டத்தில் கம்பி வலை அடிச்சுப் போட்டா போதும். குஞ்சு மட்டும் நுழையிற மாதிரி சின்ன வழி விட்டு, உள்ளே தனியா தீனி வச்சா, தாய் தின்னு தீர்த்துடாது.

இலவசத் தீனி ஒண்ணு இருக்கு, கரையான். பழைய பானையில் காஞ்ச சாணி, கிழிஞ்ச சாக்கு, வைக்கோல் போட்டுத் தண்ணி தெளிச்சு, கரையான் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவுத்து வச்சுட்டு வாங்க. காலையில் சூரியன் ஏறுறதுக்குள்ள எடுத்துக் குஞ்சுங்க முன்னாடி தட்டினா போதும். காசு கொடுத்து வாங்கினாலும் அந்தச் சத்து வராது.

குஞ்சோட தாய் ரெண்டரை மாசம், மூணு மாசம் சுத்திக்கிட்டே இருக்கும். அதுவரைக்கும் முட்டைக்கு வராது. ரெண்டு கோழி ஒரே நாளில் பொரிச்சா, ராத்திரியில் ஒரு கோழியோட குஞ்சை இன்னொண்ணு இறக்கைக்குக் கீழ சேர்த்து விடுங்க. பொரிச்சு ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள செஞ்சா ஏத்துக்கும். குஞ்சு கொடுத்த கோழி சில வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துடும். ஆனா அதையே மறுபடி மறுபடி அடைக்கு வைக்காதீங்க. அதுவும் ஒரு உயிர், உடம்பு தேறணும். ஒரு தடவை அடை, ஒரு தடவை ஓய்வு.

அடை வேண்டாம்னா சிலர் கோழியைத் தண்ணியில் முக்குவாங்க, மூக்கில் இறகைக் குத்துவாங்க. அது வேண்டாங்க. காத்தோட்டமா இருக்கிற கம்பிக் கூண்டில் மூணு நாலு நாள் தீனி தண்ணியோட அடைச்சு வச்சா, அடி வயித்துச் சூடு ஆறி, அடை தானே தெளிஞ்சிடும்.

வெள்ளைக்கழிச்சல்

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். வெள்ளைக்கழிச்சலுக்கு இன்னொரு பேர் ராணிக்கெட். வடக்கே இமயமலையில் ராணிக்கெட்னு ஒரு ஊர். 1920-களின் கடைசியில் நம்ம நாட்டில் இந்த நோயை அங்கேதான் கண்டுபிடிச்சாங்க, அதனால அந்தப் பேர். வெள்ளையா, பச்சையா கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கழுத்து முறுக்கிக்கும். இது வைரஸ் நோய். வந்துட்டா மருந்து கிடையாது. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைச்சுக் கொடுக்கிறது நம்ம கை வைத்தியம், அது உடம்புக்குத் தெம்பு தரலாம். தடுப்பூசிக்கு அது ஈடாகாது.

குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் மறுபடி சொட்டு மருந்தோ, தண்ணியிலோ. எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. ஆறு, ஏழு வாரத்தில் அம்மைக்கு ஊசி போடலாமான்னு டாக்டரைக் கேட்டுக்குங்க. வருஷா வருஷம் பிப்ரவரி மாசம் கால்நடைத் துறை கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துறாங்க. எட்டு வாரம் தாண்டின கோழிக்கு இலவசமாப் போடுறாங்க. கோடையில் நோய் பரவுறதுக்கு முன்னாடி போடணும்னுதான் அந்த மாசம்.

பிரச்சினை எங்கேன்னா, முதல் சொட்டில். அந்தச் சொட்டு மருந்து ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கு, அதுக்கு மேலயும் இருக்கும். ஐஸிலேயே வச்சிருக்கணும். கலக்கிட்டா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. என் வீட்டில் எட்டுக் குஞ்சு இருக்குது. எட்டுக் குஞ்சுக்காக நூறு குஞ்சு மருந்தை யார் உடைப்பாங்க? நானும் அதைக் கேக்க வெட்கப்படுவேன். அடுத்த வீட்டில் குஞ்சு இருக்கு, ஆனா அது ஒரு மாசக் குஞ்சு. எதிர் வீட்டில் இன்னும் அடையிலேயே இருக்கு. இப்படித்தான் நம்ம குஞ்சுங்க முதல் சொட்டு இல்லாமலேயே வளருது. பங்குனியில் நோய் வருது. கூடை காலியாகுது.

இதுக்கு வழி குழுவில்தான் இருக்கு. எல்லாரும் ஒரே நாளில் அடை வச்சா, எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் பொரிக்கும். பத்து வீடு, வீட்டுக்குப் பத்துக் குஞ்சு, நூறு குஞ்சு. ஒரு குப்பி சரியாப் போச்சு!

வாரக் கூட்டத்தோட கணக்கு

நம்ம குழு வாரம் ஒரு தடவை கூடுது. 21 நாள்னா சரியா மூணு வாரம். எப்படிப் பொருந்துது பாருங்க.

கூட்டம் முடிஞ்ச ராத்திரி எல்லாரும் அடை வைக்கிறோம். அடுத்த வாரக் கூட்டத்தன்னிக்கு ஏழாம் நாள், ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்க்கிற நாள். ஒரு வீட்டில் ஆறு முட்டையில்தான் கரு இருக்கு, இன்னொரு வீட்டில் அஞ்சில்தான் இருக்குன்னா, ரெண்டையும் ஒரே கோழிக்குக் கீழ சேர்த்துடலாம். இன்னொரு கோழிக்குப் புது முட்டை வைக்கலாம், இல்லைன்னா ஓய்வு கொடுக்கலாம். ரெண்டாம் வாரம் பதினாலாம் நாள், மறுபடி பார்க்கிறோம். மூணாம் வாரம் குஞ்சு பொரிக்குது. நாலாம் வாரக் கூட்டத்தன்னிக்குக் குஞ்சுக்கு ஏழு நாள், முதல் சொட்டு. ஏழாம் வாரம் குஞ்சுக்கு நாலு வாரம், ரெண்டாவது சொட்டு. பதினோராம் வாரம் குஞ்சுக்கு எட்டு வாரம், இறக்கை ஊசி. தனியா ஒரு நாளும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம். ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வச்சா போதும்.

முதல் சொட்டுக்கு மட்டும் ஒருத்தர் முன்கூட்டியே கால்நடை மருந்தகத்தில் போய், "இந்தத் தேதியில் நூறு குஞ்சு இருக்கும், மருந்து வேணும்"னு சொல்லி வைக்கணும். நூறு குஞ்சுன்னு கேட்டா அந்தப் பேச்சே வேற. மருந்து வாங்கப் போகும்போது ஐஸ் போட்ட பிளாஸ்க் எடுத்துக்கிட்டுப் போகணும். விடியற்காலையில் போட்டு முடிச்சுடணும்.

இது நடக்குமான்னு சந்தேகமா இருக்கா? பங்களாதேஷில் நடந்திருக்கு. 1980-களில் அங்கே பிராக் என்கிற அமைப்பு அரசு கால்நடைத் துறையோட சேர்ந்து, கிராமத்துப் பெண்களுக்கே தடுப்பு மருந்து போடப் பயிற்சி கொடுத்தாங்க. கிராமத்துக்கு ஒரு பெண். நாலஞ்சு கோழி வச்சிருந்த ஏழைப் பெண்கள் வீடுவீடாப் போய், ஒரு கோழிக்கு இவ்வளவுன்னு சின்னக் கூலி வாங்கிக்கிட்டு மருந்து போட்டாங்க. கோழி பெருகினது அதுக்கப்புறம்தான். நம்ம கூட்டமைப்பிலும் ஊராட்சிக்கு ஒருத்தர் அப்படி வந்தா, அதுவும் ஒரு வேலைதானே? நம்ம திருவண்ணாமலையிலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தோட பயிற்சி மையம் இருக்கு. செய்யாறு பக்கம் கீழ்நெல்லியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. கூட்டமைப்பு சேர்ந்து பயிற்சி கேட்டு எழுதலாம்.

எந்த மாசம்?

தை மாசம் அடை வச்சா மாசியில் பொரிக்கும். கடும் வெயிலுக்கு முன்னாடி ரெண்டு சொட்டும் போட்டுடலாம். ஆடியில் கூழ் ஊத்துறப்போ, குலசாமிக்குப் படைக்கிறப்போ, சேவலுக்கு நாலு பேர் வீடு தேடி வருவாங்க. அப்போ நம்ம சேவல் அஞ்சு மாச சேவல்.

அடுத்தது ஆனிக் கடைசி, ஆடி முதல். புரட்டாசியில் கறி விலை இறங்கும், கவலை இல்லை. நம்ம குஞ்சு அப்போ சின்னது, விக்கப் போறதில்லை. தீபத்துக்கு ஊரே கூடுற கார்த்திகையில் மழையும் குளிரும், ஆனா குஞ்சு அதுக்குள்ள இறகு கட்டிடும். பொங்கல் முடிஞ்சு கறி நாளுக்கு விற்பனைக்குத் தயார். பங்குனி, சித்திரை, அக்னி நட்சத்திரத்தில் அடை வேண்டாம். வெயிலில் முட்டை தானே கெடும், கோழிக்கும் வேதனை.

கோழியே இல்லாத வீட்டுக்கு

கடைசியா ஒண்ணு. நம்ம குழுக்களில் ஒரு கோழி கூட இல்லாத அக்காங்க இருக்காங்க. கணவர் இல்லாதவங்க, வாடகை வீட்டில் இருக்கிறவங்க, போன வருஷம் கழிச்சலில் எல்லாத்தையும் இழந்தவங்க. அவங்களுக்கு என்ன வழி?

நம்ம ஊரில் ஆட்டை வாரத்துக்கு விடுவோம் இல்லையா? ஆந்திராவில் பழைய கிழக்கு கோதாவரி மாவட்டத்து மலையில் ஆதிவாசிப் பெண்கள் கோழியையும் அப்படி விட்டிருக்காங்க. 'வாட்டா'ன்னு பேர். கோழி இருக்கிறவங்க இல்லாதவங்களுக்குக் கோழி கொடுப்பாங்க, குஞ்சில் பங்கு பிரிச்சுக்குவாங்க. பெண் கால்நடை மருத்துவர்கள் ஆரம்பிச்ச அந்த்ரா என்கிற அமைப்பு, அந்தப் பழக்கம் மறையாம இருக்க அந்தப் பெண்களோட சேர்ந்து வேலை செஞ்சிருக்காங்க.

நாமளும் செய்யலாம். கோழி இருக்கிற ஒருத்தர் ஒரு பெட்டையை வாரத்துக்கு விடட்டும். முதல் ஈட்டில் வளர்ந்த குஞ்சில் ரெண்டு பெட்டையைத் திருப்பிக் கொடுக்கட்டும். ஒண்ணு கொடுத்தவங்களுக்கு, ஒண்ணு அடுத்த அக்காவுக்கு. பணமே புழங்க வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி, ரெண்டு கையெழுத்து. அப்படியே வருஷத்துக்கு ஒரு தடவை பக்கத்து ஊர்க் குழுவோட சேவலை மாத்திக்குங்க. ஒரே ரத்தத்தில் சேர்ந்து சேர்ந்து குஞ்சு சோனியாப் போறது நிக்கும்.

கோழி கை மாறும்போது ஒரு கட்டுப்பாடு. சந்தையில் வாங்கினதோ, உறவுக்காரங்க கொடுத்ததோ, புதுக் கோழியை ரெண்டு வாரம் தனியா வச்சுப் பார்த்துட்டுத்தான் மத்ததோட விடணும். நம்ம வீட்டில் கழிச்சல் வந்தா, மிச்சக் கோழியை அவசர அவசரமா விக்கக் கூடாது. அது இன்னொரு அக்கா வீட்டுக் கூடையைக் காலி பண்ணுற வேலை. செத்த கோழியைக் குழி தோண்டிப் புதைங்க, கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க, டாக்டருக்குச் சொல்லுங்க.

இந்தக் கூட்டத்தில் மூணு தீர்மானம் போடலாம்னு கேட்டுக்கிறேன். தை மாசம் முதல் கூட்ட நாளில், கோழி இருக்கிற ஒவ்வொரு குழுவும் ஒரே நாளில் அடை வைக்கணும். ஊராட்சிக்கு ஒருத்தரைத் தடுப்பு மருந்துப் பயிற்சிக்கு அனுப்பணும். ஒவ்வொரு குழுவும் கோழி இல்லாத ஒரு உறுப்பினருக்காவது ஒரு பெட்டையை வாரத்துக்கு விடணும். அடுத்த ஆண்டு விழாவில் எத்தனை முட்டை வச்சோம், எத்தனை பொரிச்சது, எட்டு வாரத்தில் எத்தனை உயிரோட இருந்ததுன்னு குழுவாரியாக் கணக்கை இதே மேடையில் வாசிப்போம். சேமிப்புக் கணக்கை வாசிக்கிற மாதிரி இதையும் வாசிப்போம்.

வித்தது போக, வாரம் ரெண்டு முட்டை நம்ம தட்டிலும் இருக்கட்டும். மாசமா இருக்கிற மருமகளுக்கும் ஸ்கூல் போற பிள்ளைக்கும் கொடுத்துட்டு, நமக்கு இல்லைன்னு எழுந்திருக்காதீங்க.